கேள் என்று ஒரு பொத்தான்

எனக்குத் தெரிந்த எழுத்துகளில் ‘கே’ உண்டு, ‘ள்’ளும் உண்டு. அதனால் அந்தப் பொத்தானில் இருந்ததை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். கேள். படித்ததும் கோபம்தான் வந்தது. எழுபதைத் தாண்டியவளைப் பார்த்து ஒரு பொத்தான் ‘கேள்’ என்கிறது. ‘கேளுங்கள்’ என்று போட்டால் இடம் போதாதா? அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த காலத்தில் சூப்பர்வைசர்கூட என்னை வா போ என்று பேசியதில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெயர் சொல்லமாட்டேன், யார் பெயரும் சொல்லமாட்டேன். காரணம் போகப்போகத் தெரியும். பள்ளிக்கூடம் எனக்கு இரண்டாம் வகுப்போடு நின்றது. எஸ்டேட்டில் ஒரு போல்ட் கம்பெனியில் பேக்கிங்கில் சேர்ந்து, லைனுக்கே தலைவியாகி, ரிடையர் ஆகிற வரைக்கும் இருந்தேன். எண் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்தே உள்ளே எத்தனை போல்ட் குறைகிறது என்று சொல்வேன். எழுத்து அப்படியில்லை. தனித்தனியாக நின்றால் அடையாளம் தெரியும். கூட்டமாக வந்தால் யார் யாரென்று தெரியாமல் போய்விடும்.

இது யாருக்கும் தெரியாது. பஸ்ஸுக்கு நம்பர் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை வந்தால் கண்ணாடியை உள்ளே வைத்துவிட்டேன் என்பேன். காலையில் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, பேப்பரை விரித்து, சரியான நேரத்துக்குப் பக்கத்தைத் திருப்புவேன். மகனுடைய பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் நான்தான் கையெழுத்துப் போடுவேன், மார்க்கு எண்தானே. அவனுக்கே தெரியாது. வீட்டுக்காரருக்குத் தெரியும். அவர் போனபோது அழுதேன், இந்த விஷயத்தையும் அவர் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று ஒரு மூலையில் நிம்மதியாகவும் இருந்தேன். அதை இப்போதுதான் முதல்முறை வெளியே சொல்கிறேன்.

திருவேற்காட்டில் எங்களுக்கு மாடியோடு ஒரு வீடு. மாடியில் கோவில்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி வாடகைக்கு இருக்கிறாள். கம்ப்யூட்டர் வேலை, புருஷனுக்குப் புனேயில் வேலை. அவள் ஆபீஸ் வேலைக்கு அப்பால் சொந்தமாக ஒரு எக்ஸ்டென்ஷன் செய்திருப்பதாகச் சொன்னாள். எக்ஸ்டென்ஷன் என்றால் எனக்குத் தெரிந்தது இரண்டு. ஒன்று, மிக்ஸிக்கு ஒயர் எட்டாவிட்டால் போடுகிற பெட்டி. இன்னொன்று, பின்பக்கம் ஷீட் போட்டு நாங்கள் இழுத்த சமையல்கட்டு. இவளுடையது மூன்றாவது வகை. கம்ப்யூட்டரில் இன்டர்நெட் பார்க்கிற ஜன்னலின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு பொத்தான். அதை அழுத்தினால் திறந்திருக்கிற பக்கத்தில் உள்ள தமிழை ஒரு குரல் வாசிக்கும். காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

மகன் என்னோடு வீடியோவில் பேசுவதற்கென்று ஒரு பழைய லேப்டாப்பை விட்டுப் போயிருந்தான். கண் மங்கலாகத் தெரிகிறது என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அவள் கீழே வந்து அதில் இந்தப் பொத்தானைப் போட்டாள். பேப்பருக்கு ஒரு படம், வேதாகமத்துக்கு ஒரு படம் என்று தொட்டால் திறக்கிற மாதிரி வைத்தும் கொடுத்தாள்.

“எனக்கு எதுக்குமா இது? நான் டெய்லி பேப்பர் படிக்கிறவ,” என்றேன். வைத்துக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம் என்று போய்விட்டாள். இரண்டு வாரம் கழித்துக் கேட்டபோது, தொடவே இல்லை என்றேன்.

தொட்டேன். அவள் படியேறி முடிப்பதற்குள் தொட்டேன்.

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். இப்போது எல்லார் வீட்டிலும் போனிடம் வாயால் கேட்டால் அது பதில் சொல்கிறது. எதிர்வீட்டுப் பிள்ளைகூட மழை வருமா என்று போனைக் கேட்கிறான். பொத்தானில் ‘கேள்’ என்று இருந்தால் நான் என்ன நினைப்பேன்? என்ன வேண்டுமோ கேள், சொல்கிறேன் என்கிறது என்று நினைத்தேன். பேப்பர் பக்கத்தைத் திறந்து, லேப்டாப்புக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, “இன்னைக்கு இன்னா சேதி?” என்று கேட்டு அழுத்தினேன். அது, “முகப்பு. தமிழ்நாடு. இந்தியா. உலகம். விளையாட்டு,” என்றது. கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமில்லை. உடனே நிறுத்தினேன். மறுநாள், “மழை வருமா?” என்றேன். மறுபடியும் முகப்பு, தமிழ்நாடு, இந்தியா, உலகம். இத்தனை நாள் யாரிடமும் எதையும் கேட்காமல் வாழ்ந்தவள் ஒரு மிஷினிடம் போய்க் கேட்டேனே, எனக்கு இது வேண்டியதுதான் என்று மூடிவைத்தேன். அப்படி ஒரு வாரம் போயிருக்கும்.

ஒரு காலையில் கேட்டு அழுத்திவிட்டு, தோசை கருகுகிற வாடை வந்ததால் சமையல்கட்டுக்கு ஓடினேன். கையெல்லாம் மாவு. நிறுத்த முடியவில்லை. அது பாட்டுக்கு முகப்பில் ஆரம்பித்து எல்லாவற்றையும் ஒப்பித்து முடித்து, பிறகு சேதிக்குள் போனது. பூந்தமல்லிப் பக்கம் மெட்ரோ வேலையால் ரோடு மாற்றிவிட்ட சேதி. அன்று வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நான் விரித்துப் பிடித்திருந்த பேப்பரிலும் அதே படம் இருந்தது. கரண்டியோடு அப்படியே நின்றேன். கேள் என்றால் வாயால் கேட்பது இல்லை, காதால் கேட்பது. நம் பாஷையில் இரண்டும் ஒரே சொல்தானே. மிஷின் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. எங்கள் சபையில் பெண்கள் சங்கக் கூட்டம் மாதம் ஒருமுறை. அதன் செயலாளர் ரிடையர்டு டீச்சரம்மா, வேதபாடம் வாசிக்கச் சொல்லி என்னை ரொம்ப நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தவர். தொண்டை சரியில்லை, பல் ஆடுகிறது என்று தட்டிக்கொண்டே வந்தேன். அந்த மாதம் சரி என்றேன். அதிகாரமும் வசனமும் எண்தான், எடுப்பது சுலபம். அதை லேப்டாப்பில் திறந்து, பத்து நாள், காலையும் மாலையும் கேட்டேன். கூட்டத்தில் புத்தகத்தைத் திறந்து பிடித்து, ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். டீச்சரம்மா, எவ்வளவு திருத்தமான வாசிப்பு என்று எல்லார் முன்னாலும் சொன்னார். இனி மாதாமாதம் நீங்கள்தான் என்று எழுதியும் வைத்துக்கொண்டார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று.

அப்படி நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது மேல் வீட்டுப் பெண் ஒரு சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். முகம் சரியில்லை. என்ன என்றேன். “எண்ணு வந்திருக்கும்மா. ரொம்ப மோசம்,” என்றாள்.

எண் என்றதும் நானும் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் சொன்னது எனக்குப் புரிந்த வரையில் இதுதான். இவளைப் போல எக்ஸ்டென்ஷன் செய்கிறவர்கள் சில பேர் சேர்ந்து ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். மாதக் கடைசியில் ஒவ்வொருவரும் தங்கள் எண்ணிக்கையை மட்டும் அதில் போடுவார்கள். எத்தனை தடவை அழுத்தினார்கள், எவ்வளவு நேரம் ஓடியது, எத்தனை பேர் கழற்றிப் போட்டார்கள் என்று. யார் அழுத்தினார், எந்தப் பக்கத்தில் என்பதெல்லாம் கிடையாது. சரி என்று ஒப்புக்கொண்டவர்களை மட்டும்தான் எண்ணுவார்கள். அந்த எண்ணையும் கொஞ்சம் முன்பின்னாகக் கலைத்துத்தான் அனுப்புவார்களாம், ஒரு ஆளைத் தனியாகப் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக. எல்லாம் சேர்ந்த பிறகு, அதே வகையில் மற்றவர்களோடு பார்த்தால் உன்னுடையது எங்கே நிற்கிறது என்று மட்டும் திரும்பி வரும். எங்கள் கம்பெனியில் எந்த லைன் எத்தனை பெட்டி என்று போர்டில் எழுதுவார்கள். அது மாதிரிதான், ஆனால் போர்டில் லைனுடைய பெயரும் இருக்காது.

வாசித்துக் காட்டுகிற வகையில் இவளுடையதுதான் கடைசி. மற்றவர்களுடையதை அழுத்துகிறவர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள். இவளுடையதை அழுத்திய கையோடு நிறுத்திவிடுகிறார்கள். ஏன் என்று இவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை, ஏனென்றால் யார், எது என்று எதையும் இவள் வைத்துக்கொள்வதில்லை. ஒரு கம்பெனி ஆயத்தமாக ஒன்று தருகிறதாம். அதை உள்ளே போட்டால் யார் எந்தப் பக்கத்தைத் திறந்தார், எத்தனை தடவை அழுத்தினார், எங்கே நிறுத்தினார் என்று எல்லாம் ஒன்றுவிடாமல் வந்து விழும்.

“போட்டா ரெண்டு நாள்ல காரணம் தெரிஞ்சிரும். ஆனா அதப் போடுததுக்குப் பதிலா, மொத்தத்தையும் மூடிட்டுப் போயிரலாம்னு இருக்கு,” என்றாள். மாதம் முடிவதற்குள் இரண்டில் ஒன்று செய்யப்போவதாகச் சொல்லி மேலே போனாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் கால் நிற்கவில்லை. அவள் அதைப் போட்டால் என் வீட்டு லேப்டாப்பில் ஒரே அதிகாரம் பத்து நாள் ஓடுவது அவள் கண்ணில் படும். மூடிவிட்டால் அடுத்த மாதம் சபையில் நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி நிற்கவேண்டும். இரண்டும் வேண்டாமென்றால் காரணத்தை நான் சொல்லவேண்டும். ஏனென்றால் காரணம் எனக்குத் தெரியும். ஏன் அழுத்திய கையோடு நிறுத்துகிறார்கள் என்று எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேள்வி வரும். தொடவே இல்லை என்றவள் நான்.

மீன் வாங்கலாம் என்று பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோ ஏறினேன். மார்க்கெட்டைச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு வந்தேன். மாங்காட்டில் தெரிந்தவர்களைப் பார்க்கப் போய், கதவைத் தட்டாமலே திரும்பினேன். சீலை மடித்தேன், மடித்ததைக் கலைத்தேன். மேலே அவள் நடக்கிற சத்தம் கேட்டால் போதும், அதைப் போட்டுவிட்டாளோ என்று மாடிப்படி வரைக்கும் போய்த் திரும்புவேன்.

கம்பெனியில் ஒரு காலம் புதிதாக வந்த ஒரு அதிகாரி, பெண்கள் கக்கூஸ் வாசலில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டார். போகும்போது பெயர் எழுதணும், நேரம் எழுதணும், வரும்போதும் எழுதணும். எந்த லைன் மெதுவாகப் போகிறது என்று கண்டுபிடிக்கவாம். நேரத்தை எழுதிவிடுவேன், என் பெயரையும் ஒரு மாதிரி வரைந்துவிடுவேன். ஆனால் எழுதுகிறபோது பின்னால் யாராவது நிற்பார்கள், நான் வரைகிற அழகைப் பார்ப்பார்களே என்று பயம். அதனால் ஷிப்டு முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தேன். மற்றவர்களும் வேறு வேறு காரணத்துக்குக் குடிக்காமல் இருந்தார்கள். இரண்டு பேர் மயங்கி விழுந்த பிறகு நோட்டை அவிழ்த்தார்கள். அந்த நோட்டுக் கயிறு இந்த வயதில் திரும்பிவந்து என் கண் முன்னால் ஆடியது.

கடைசியில் ஒரு தந்திரம் செய்தேன். மேலே போய், எனக்குத் தெரிந்த சிநேகிதி ஒருத்தி, அவ்வளவாகப் படிக்காதவள், இந்தப் பொத்தானைப் போட்டிருக்கிறாள், அவளுக்குக் ‘கேள்’ என்பதுதான் குழப்பம் போலிருக்கிறது என்று ஆரம்பித்தேன். சொல்லி முடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவளோ துள்ளி எழுந்துவிட்டாள்.

“அந்த அம்மாவ நான் பாக்கணுமே. எங்க இருக்காக?”

“ஆவடி,” என்றேன். வாயில் வந்த ஊர் அதுதான்.

“சனிக்கிழமை எனக்கு லீவுதான். ரெண்டு பேருமா போயிட்டு வந்துருவோம்.”

சனிக்கிழமைக்குள் அந்த ஆவடிக்காரிக்குக் காய்ச்சல் வரவைக்கலாமா, மகள் வீட்டுக்கு அனுப்பலாமா, அடக்கமே செய்துவிடலாமா என்று எல்லா யோசனையும் வந்தது. எதையும் செய்யவில்லை. சனிக்கிழமை காலையில் அவள் கையில் ஒரு கிலோ ஆப்பிளோடு கீழே வந்து நின்றாள். படிக்காத அம்மாவைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாதாம். அந்த ஆப்பிள்தான் என்னைக் கொன்றது.

ஷேர் ஆட்டோவில் அவள் அந்த அம்மாவைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தாள். தனியாக இருக்கிறார்களா, கோபித்துக்கொள்வார்களா, என்ன பேசினால் பிடிக்கும் என்று. எல்லாவற்றுக்கும் உண்மையான பதிலையே சொன்னேன். தனியாத்தான் கீறா, கோவம் வரும், மரியாதையாப் பேசினா பிடிக்கும் என்று. பருத்திப்பட்டு ஏரி வந்தது. அதைத் தாண்டினால் ஆவடி. ஆவடியில் எந்தத் தெருவில் போய் எந்தக் கதவைத் தட்டுவேன்? நிறுத்துப்பா என்றேன்.

ஏரிக்கரையில் நடக்கிறவர்கள் உட்கார பெஞ்சு போட்டிருக்கிறார்கள். அதில் உட்கார்ந்தோம். வெயில் ஏறவில்லை. அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

“இங்கயா இருக்காக?”

“அந்த ஆவடிக்காரி நான்தாம்மா,” என்றேன். “எனக்குப் படிக்க வராது.”

சொன்னபோது ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அய்யோ என்பாள், பாவம் என்பாள், கையைப் பிடிப்பாள் என்று பயந்தேன். பிடித்திருந்தால் எழுந்து பஸ் ஏறியிருப்பேன். அவள் ஆப்பிள் பையை எங்களுக்கு நடுவே வைத்தாள். பிறகு, “அழுத்துததுக்கு முன்னாடி நீங்க என்ன கேட்டீங்க?” என்றாள். போனை எடுத்து எழுதத் தயாராகவும் வைத்துக்கொண்டாள். எனக்கு நிம்மதியும் வந்தது, லேசாக வருத்தமும் வந்தது. ஐம்பது வருஷமாக மூடிவைத்ததை எடுத்துப் போட்டிருக்கிறேன், இவள் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த மாதிரி பேசுகிறாளே.

எல்லாம் சொன்னேன். இன்னைக்கு இன்னா சேதி, மழை வருமா, முகப்பு, தமிழ்நாடு, தோசை. சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். எண் போடுகிற அந்தக் கூட்டத்தில் இருக்கிற மற்றவர்கள் பெரும்பாலும் ஹிந்தி, இங்கிலீஷ் வாசிக்கிற எக்ஸ்டென்ஷன்காரர்கள், அவர்கள் பாஷையில் வாயால் கேட்பதற்கும் காதால் கேட்பதற்கும் தனித்தனிச் சொல், அதனால்தான் அவர்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை என்றாள். “கன்னடத்துலயும் நம்மள மாதிரி ஒரே சொல்லுதான். எனக்கு முந்தின எடத்துல இருக்கது யாரோ ஒரு கன்னடக்காரரா இருக்கும்னு தோணுது,” என்று யோசித்தாள். யார் என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் முடியாது என்பதால் பொதுவாக எல்லாருக்கும் ஒரு குறிப்பு எழுதப்போவதாகச் சொன்னாள்.

அங்கேயே உட்கார்ந்து சொல்லை மாற்றப் பார்த்தோம். ‘வாசி’ என்று வைக்கலாமா என்றாள். அது என்னை வாசிக்கச் சொல்கிற மாதிரி இருக்கிறது, தொடவே மாட்டேன் என்றேன். ‘படி’ அதைவிட மோசம், டீச்சரம்மா அதட்டுகிற மாதிரி. காது படம் போடலாமா என்றாள். காது கேட்காதவங்க மிஷின்னு நினைச்சுக்குவாங்க என்றேன். “இன்னா செய்யப்போறேன்னு அதுவே மரியாதையா என்னைக் கேக்கட்டுமே,” என்றேன். அப்படித்தான் ‘படித்துச் சொல்லவா?’ என்று ஆயிற்று. பொத்தானைக் கொஞ்சம் அகலமாக்கணும் என்று முனகினாள். முகப்பு, தமிழ்நாட்டையெல்லாம் தாண்டி நேராக சேதிக்குப் போகவும் ஏதோ செய்வதாகச் சொன்னாள்.

“இது நான் சொன்னதுன்னு எழுதுவியா?” என்றேன்.

“பயன்படுத்துத ஒருத்தங்க சொன்னாகன்னு எழுதுவேன். அவ்வளவுதான்.”

“ஊரு போடணும்னா ஆவடின்னு போடு.”

ஆப்பிளை நான்தான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன்.

அந்தக் கம்பெனிக்காரன் கொடுத்ததை அவள் போடவில்லை. மூடவும் இல்லை. புதுப் பொத்தான் வந்தது. அடுத்த மாத எண் வருகிறவரைக்கும் அவளைவிட எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. வந்தது. கடைசியில் இல்லை, ஆனால் பெரிதாக மேலேயும் ஏறவில்லை, கடைசிக்கு இரண்டு மூன்று இடம் முன்னால் நிற்கிறது என்றாள். நடுவே புது லைன் போட்டால் முதல் மாதம் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்லவில்லை.

இப்போது இதைக்கூட நான் எழுதவில்லை. நான் சொல்ல, போன் எழுதியது. பிழைகளை மேலே இருப்பவள் திருத்தினாள். எழுதியதை அந்தக் குரலையே வாசிக்கச் சொல்லிக் கேட்டேன், மூன்று இடத்தில் நான் சொல்லாததை எடுக்கச் சொன்னேன்.

ஒன்று பாக்கி. முதல்முறை பொத்தானைத் தொட்டபோது ஒரு பெட்டி வந்தது, நிறைய எழுத்தோடு. கீழே ‘சரி’, ‘வேண்டாம்’. ‘சரி’ எனக்குத் தெரிந்த சொல் என்பதால் அழுத்திவிட்டேன். எதற்குச் சரி என்று தெரியாது. புதுப் பொத்தானோடு அந்தப் பெட்டி மறுபடியும் வந்தது. இந்த முறை முழுவதையும் அந்தக் குரலையே படித்துச் சொல்லச் சொன்னேன். எண்ணிக்கையில் என்னைச் சேர்க்கலாமா என்று கேட்கிறது. இரண்டு நாள் அந்தப் பெட்டியை அப்படியே விட்டுவைத்து, வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன். மூன்றாம் நாள் ஒன்றை அழுத்தினேன்.

எதை என்று மேலே இருப்பவளுக்குத் தெரியாது. இன்றுவரை அவள் கேட்கவும் இல்லை.